தனியை விட்டுக்கொடுத்தவர்

என் கணவர் சந்திரமௌலிக்குப் பெரிய மனசு என்று மயிலாப்பூர் முழுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெரிய மனசைக் கண்டுபிடித்தவள் நான். சபா கேண்டீனில், கையில் ரவா தோசைத் தட்டோடு நின்றுகொண்டு கண்டுபிடித்தேன்.

அவர் மிருதங்க வித்வான். கச்சேரியில் பாடகர் பெரிய கீர்த்தனையை முடித்ததும் வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போடுவார். மிருதங்கமும் கடமும் மாத்திரம் வாசிக்கும். அதற்குத்தான் தனி என்று பெயர். சபையில் பாதிப் பேர் எழுந்து காபி குடிக்கப் போகும் நேரமும் அதுதான். போகிறவர்கள் போகட்டும். கச்சேரி முழுக்க அடுத்தவர் பாட்டுக்கு வாசிக்கிறவனுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. மிருதங்கக்காரர் ஆரம்பித்து, நிறைய வாசித்து, மனசு வந்தால் மிச்சத்தைக் கடத்துக்குக் கொடுப்பார். பல பேருக்கு மனசு வராது. என் கணவரும் அந்தப் பல பேரில் ஒருவர்தான்.

அன்று அவர் ஒரே ஒரு சுற்று வாசித்தார். பிறகு இடது கையை நீட்டி, பக்கத்தில் கடத்தோடு உட்கார்ந்திருந்த நீரஜாவைப் பார்த்து, வாசி என்று தலையை ஆட்டிவிட்டார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று இன்னொரு முறை அவரைப் பார்த்தாள். அவர் மறுபடியும் தலையை ஆட்டினார். அப்புறம் அவள் வாசித்த வாசிப்பில், காபிக்குக் கிளம்பியவர்கள்கூட வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

கச்சேரி முடிந்து கேண்டீனில் சபா செயலாளர் வேதாந்தம் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஸ்ரீரஞ்சனி, மௌலி தனியை அப்படியே தூக்கி அந்தப் பொண்ணு கையில கொடுத்துட்டார்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இது அக்கறை இல்லை, விசாரணை. எங்கள் வட்டாரத்தில் ஜுரம் வந்தால் சொல்லலாம். சர்க்கரை வந்தால் சொல்லலாம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தால் பெருமையாகவே சொல்லலாம். கை வலிக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. 'மௌலிக்குக் கை போயிடுத்தாமே' என்று ஒருவர் சொன்னால் போதும், மறுநாளிலிருந்து வீட்டில் போன் அடிக்காது.

"உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லை மாமா" என்றேன். "பெரியவாளே முழுக்க வாசிச்சுண்டு இருந்தா, இந்தப் பொண்கொழந்தைகள்லாம் எப்போ வாசிக்கறதுன்னு ஆத்துல சொல்லிண்டே இருப்பார்."

ஆத்துல அவர் அப்படிச் சொன்னதே இல்லை. கடம் வாசிக்கிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை நான் இங்கே எழுத மாட்டேன். ஆனால் வேதாந்தம் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தோசை ஆறுவதற்குள் விஷயம் கேண்டீன் பூராவும் போய்விட்டது.

நிஜம் என்னவென்றால், அந்த வருஷ ஆடியிலிருந்தே அவருடைய வலது கை சரியில்லை. முதலில் சுண்டு விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு மோதிர விரலும் சேர்ந்து மரத்துப்போனது. முழங்கையிலிருந்து ஒரு வலி கம்பி மாதிரி இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட ஆரம்பித்தேன். காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. நான் வாயே திறக்காமல் தரையைத் துடைத்தேன், அவரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மிருதங்கத்தின் வலது பக்கத்தில் சுண்டு விரல் பக்கமாக அடித்தால் மணி மாதிரி ஒரு நாதம் வரும். சாபு என்பார்கள். அவருடைய சாபுவைக் கேட்பதற்கென்றே முன் வரிசையில் வந்து உட்காருகிறவர்கள் உண்டு. அந்தச் சாபு மரப்பலகையைத் தட்டுகிற மாதிரி மந்தமாகிவிட்டது. மனுஷர் தன் கையைச் சந்தேகப்படவில்லை, மிருதங்கத்தைச் சந்தேகப்பட்டார். தோலை மாற்றச் சொன்னார், மாற்றிக் கொடுத்தவரைத் திட்டினார், ஹால் ஏசியைத் திட்டினார். கடைசியில் நான்தான் அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் இவர் கையில் கரண்ட் விட்டு, கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் பார்த்தார். முழங்கையின் உள் பக்கமாகப் போகிற நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். சின்ன வயசிலிருந்து கையை மடித்து வைத்துக்கொண்டு வாசித்ததன் பலன். சில மாதம் மிருதங்கத்தைத் தொடவே கூடாது, அப்படியும் சரியாகாவிட்டால் ஆபரேஷன். அதையும் தள்ளிப்போட்டால் கைச் சதை வற்றிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"டிசம்பர் சீஸன் முடிஞ்சதும் வரட்டுமா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"நரம்புக்கு டிசம்பர் தெரியாது சார்" என்றார் டாக்டர்.

எங்களுக்குத் தெரியுமே. வருஷம் பூராவும் டிசம்பருக்காகத்தானே வாழ்கிறோம். ஒரு டிசம்பர் உட்கார்ந்துவிட்டால் அடுத்த டிசம்பரில் அந்த இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முழங்கையில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு அவர் கச்சேரிக்குப் போனார். எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடலாம். தனி மட்டும் ஏமாற்ற முடியாத இடம். அதனால்தான் அன்றைக்கு நீரஜா பக்கம் கையை நீட்டினார்.

"நீ ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார்.

"பின்னே, கை போயிடுத்துன்னு சொல்லட்டுமா?"

அவர் இடது கையால் இட்லியைப் பிய்த்துத் தின்றுவிட்டு எழுந்து போனார். எனக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நாள் காலையில் போன் அடித்தது. அதற்கடுத்த நாளும் அடித்தது. யார் யாரோ பாடகர்கள், "அண்ணாவும் நீரஜாவும் சேர்ந்து வரணும்" என்று கேட்டார்கள். அவர் இடது கையை நீட்டிக்கொண்டிருக்கிற படம் பேஸ்புக்கில் வந்தது. ஒரு பத்திரிகையில் 'கொடுக்கும் கை' என்று தலைப்புப் போட்டே எழுதிவிட்டார்கள்.

முதலில் அதையெல்லாம் படிக்கவே கூசினார். பிறகு படித்தார். பிறகு பேட்டி கேட்டு வந்த பையனிடம், "கலைங்கறது பகிர்ந்துக்கறதுதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நான் அவசரமாகச் சுண்டல் எடுத்து வரப் போய்விட்டேன்.

நீரஜா பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சிந்தாதிரிப்பேட்டைப் பெண். அப்பா அங்கே சின்னதாக ஒரு பைண்டிங் கடை வைத்திருந்தவர், இப்போது இல்லை. அவளும் அம்மாவும்தான். கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கடமே கதி என்று வந்தவள், வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. வந்ததும் அவர் காலில் விழுந்தாள்.

"எத்தனையோ பேர் பக்கத்துல உக்காந்திருக்கேன் அண்ணா. ரெண்டு நிமிஷம் குடுத்துட்டு வாட்ச்சைப் பார்ப்பாங்க. என் வாசிப்பையும் ஒரு வாசிப்புன்னு நெனச்சுக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சமையலறையைப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். ஒரு பெண் நம் வீட்டுக் கூடத்தில் விழுந்து நமஸ்காரம் பண்ணுகிறாள், பண்ணுகிற காரணம் நாம் விட்ட புளுகு. வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

போகப் போக அவர் தனியை மட்டும் கொடுக்கவில்லை. வேகமான பாட்டு வந்தால் கையை மெதுவாகத் தளர்த்திவிடுவார். அவள் அந்த இடத்தை நிரப்புவாள். ஜனங்கள் அதையும் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்தார்கள். இரண்டு பேர் வாசிப்பை அவள் ஒருத்தியே வாசித்தாள், அதுவும் சுட்ட மண் பானையின் மேல். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. என் கவலையெல்லாம் அவருடைய சுண்டு விரல்மேலேயே இருந்தது.

டிசம்பர் நடுவில் வேதாந்தம் மாமா போன் செய்தார். மௌலிக்குச் சபா சார்பில் 'லய வள்ளல்' என்று பட்டம் கொடுக்கப்போகிறார்களாம். பட்டம் கொடுத்த கையோடு கச்சேரி. கடம் நீரஜாதான் என்று சொல்லவே வேண்டாம். இவர் "சரி மாமா, சரி மாமா" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தார்.

"இதோட முடிச்சுக்கலாம். அமெரிக்காவுல கிளாஸ் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு, இங்கேயே ஆபரேஷன் பண்ணிண்டுடறேன்" என்றார்.

அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அடையாறு டாக்டரிடம் போனோம். பிசியோதெரபிக்காக அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வெளியே வந்து நாற்காலி தேடினேன். மூலையில் நீரஜா உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மன்னி! நீங்க எங்க இங்க?"

"முட்டி வலிம்மா" என்றேன்.

என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. தினமும் கோவில் குளத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடக்கிறவள். ஆனால் பொய் எனக்குக் கூப்பிடாமலே வர ஆரம்பித்திருந்தது.

"எனக்கும் சும்மாதான். லேசா சுளுக்கு" என்றாள். நான் அவள் துப்பட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளால் அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. "ரெண்டு கையும் மன்னி. காலைல எழுந்தா விரலை மடக்க முடியல. சீப்பு பிடிக்க முடியல, அம்மாதான் தலை பின்னி விடறாங்க. டாக்டர் நிறுத்துங்கறாரு. எப்படி நிறுத்தறது சொல்லுங்க? அண்ணா அவ்ளோ நம்பிக் குடுக்கறாரு. என்னால முடியலன்னு எந்த வாயால சொல்றது?"

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மன்னி. அண்ணாகிட்டகூட வேணாம். எனக்கு அவர் மாதிரி பேர் இல்ல. வெளில தெரிஞ்சா அவ்ளோதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

"சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நல்ல வேளை, அவள் போனதற்கப்புறம்தான் இவர் பக்கத்து அறையிலிருந்து வந்தார். நான் அவரைத் தள்ளாத குறையாக ஆட்டோவில் ஏற்றினேன். அடையாறு பாலம் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது முழுசாக ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மந்தைவெளி வந்த பிறகு, "அந்தப் பொண்ணு கையையும் நான்தான் கெடுத்தேனா?" என்றார்.

"நாம ரெண்டு பேரும்" என்றேன்.

"மைக்ல சொல்லிடப் போறேன்."

"ஏன்னா, அவசரப்படாதீங்கோ. ஆபரேஷன் ஆகட்டும்."

"என்னைத் தடுக்காதே ரஞ்சி. சொன்னாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

விழா அன்று ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் பாடகி ஷ்ரேயா, வயலின்காரர், ஓரத்தில் கடத்தோடு நீரஜா. பட்டைகளைக் கழற்றிவிட்டு வளையல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வேதாந்தம் மாமா கர்ணனிலிருந்து ஆரம்பித்து என் கணவரில் முடித்தார். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கை இவரிடம் கொடுத்தார்கள்.

"இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம்" என்றார் இவர். "நான் எதையும் விட்டுக்கொடுக்கலை. என் கை போயிடுத்து. வாசிக்க முடியாமதான் நீரஜாவை வாசிக்கச் சொன்னேன். இதுதான் உண்மை."

வேதாந்தம் மாமா பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார்.

"பார்த்தேளா! இதுக்குப் பேர்தான் அடக்கம்! இன்னொருத்தரை உசத்தறதுக்காகத் தன்னையே தாழ்த்திக்கறார் பாருங்கோ!"

கைதட்டலில் ஹாலே அதிர்ந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எங்கள் மேடைகளில் 'எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் குருவின் கடாட்சம்' என்று சொல்லாத வித்வான் கிடையாது. சொன்னதை யாரும் நம்புவதும் கிடையாது. இவர் மறுபடியும், "இல்லை, நெஜமாவே" என்றார். ஜனங்கள் வாஞ்சையோடு சிரித்தார்கள். வலது கையைத் தூக்கிக் காட்டினார். கும்பிடுகிறார் என்று நினைத்து முன் வரிசை முழுக்கத் திரும்பக் கும்பிட்டது.

மேடையில் ஒருத்தி மட்டும் நம்பிவிட்டாள். நீரஜா அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

"என் ஆத்துக்காரியைக் கேளுங்கோ" என்றார் இவர், வேறு வழி தெரியாமல்.

யாரோ ஒரு மைக்கை என் கையில் திணித்தார்கள். எழுந்து நின்றேன். "அவர் சொல்றது நெஜம். பெரிய மனசுன்னு கதை கட்டினது நான்தான். கேண்டீன்ல வேதாந்தம் மாமா கேட்டபோது பொய் சொன்னேன்."

பின்னால் ஒரு மாமி, "ஜோடிப் பொருத்தத்தைப் பாருடி" என்றாள். மறுபடியும் கைதட்டினார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன ஜன்மங்கள் இவர்கள், பொய்யைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள், உண்மையைச் சொன்னால் கைதட்டுகிறார்கள்! எப்படியாவது நம்பவைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது.

"நம்ப மாட்டேளா? அதோ உக்காந்திருக்காளே, அவ கையைப் பாருங்கோ! இவர் வாசிக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து வாசிச்சு அவளுக்கு ரெண்டு கையும் போயிடுத்து. விரலை மடக்க முடியலை, தலைகூடப் பின்னிக்க முடியலை. டாக்டர்கிட்ட வந்து உக்காந்திருந்தா. நான் என் கண்ணால பார்த்தேன்!"

கைதட்டல் நின்றுவிட்டது. இந்த முறை நம்பிவிட்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்த நிம்மதியோடு மேடையைப் பார்த்தேன். நீரஜா இரண்டு கைகளையும் கடத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சபையில் உட்கார்ந்திருந்த சாய்சரண் என்கிற மிருதங்கக்காரப் பையனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வேதாந்தம் மாமா நீரஜாவிடம் குனிந்து, "நீ ரெஸ்ட் எடுத்துக்கோம்மா" என்றார். என் கணவருக்குப் பட்டத்தைக் கொடுத்தே விட்டார்கள், இப்போது உண்மையைச் சொன்னதற்காக. "ஆபரேஷன் பண்ணிண்டு வாங்கோ மௌலி, அடுத்த டிசம்பர் முதல் கச்சேரி நீங்கதான்" என்று ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தார். முகம் லேசாகிவிட்டிருந்தது. அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கும்.

நான் நீரஜாவைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே, கடத்தைப் பையில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு ஆட்டோவுக்காக நின்றிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம், வாசிக்க முடியும். லேசாதான்... சரிங்க மேடம். அதுக்குள்ள சொல்லிட்டாங்களா? பரவால்ல மேடம், அந்தக் கச்சேரிக்கு நீங்க வேற ஆளையே போட்டுக்குங்க."

போன் நின்றதும் என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா அவர் கையைப் பத்திச் சொன்னார். அது அவர் கை. என் கையைப் பத்தி நீங்க ஏன் மன்னி சொன்னீங்க?"

"அவா நம்பலையேம்மா..." என்று ஆரம்பித்தேன். எவ்வளவு கேவலமான பதில் என்று என் காதுக்கே கேட்டது. அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

உள்ளே மறுபடியும் கைதட்டினார்கள். ஆட்டோ வந்து நின்றது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "இத்தனை கச்சேரியில ஒரு தடவையாவது, நான் நல்லா வாசிக்கறேன்னு குடுத்தாரா? ஒரே ஒரு தடவை?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவள் கேட்டாள். எத்தனையோ பொய் சொன்னவளுக்கு இன்னொன்று சொல்வது கஷ்டமா? ஆனால் ஒவ்வொரு கச்சேரி முடிந்தும் வீட்டுக்கு வந்து அவர் பேசினதெல்லாம் அவருடைய கையைப் பற்றித்தான். அவள் எப்படி வாசித்தாள் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கடத்தைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று நான் குனிந்தேன். "விடுங்க மன்னி" என்றாள். விரல்களால் பையைப் பிடிக்க முடியாமல், இரண்டு முழங்கைகளுக்கு நடுவே அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு, ஆட்டோவில் பக்கவாட்டில் நுழைந்து உட்கார்ந்தாள்.